மதினி மன்னிப்புக் கேட்ட அந்துப்பூச்சி

என் கணவர் மௌத்தான பிறகு நான் இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளும், என்னைப் பார்க்க வந்த எல்லோரும் ஒரே புத்திமதியைத்தான் சொன்னார்கள். "பொறுமையா இரிங்க." இருக்காமல் எங்கே ஓடப்போகிறேன்? வாசலுக்கு ஒரு திரை, யன்னலுக்கு ஒரு திரை, எனக்கு ஒரு வெள்ளை உடுப்பு. புருஷனை இழந்தவள் அவ்வளவு காலமும் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. மார்க்கம் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் என் மதினி சொன்னார்.

மதினி என்றால் என் கணவரின் ராத்தா, அவருக்கு இருந்த ஒரே மூத்த சகோதரி. நாங்கள் பாலாவியில், அவர் முந்தலில். வியாழக்கிழமை தவறாமல் பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு பஸ் ஏறி வந்துவிடுவார். பொழுது பட்டதும் மஃரிப் தொழுதுவிட்டு, மௌத்தானவருக்காக யாசீன் என்ற குர்ஆன் அத்தியாயத்தை ஓதுவார். ஓதுவது கால் மணித்தியாலம், சட்டம் போடுவது இரண்டு மணித்தியாலம். அலுமாரிக் கண்ணாடியைத் துணி போட்டு மூட வைத்தார். யன்னல் பக்கம் இருந்த கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருநாள் ஒரு கோப்பை சூப் கொண்டுவந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். மதினி அவளை வாசலிலேயே மறித்துவிட்டார்.

"வயித்துல இரிக்கிறது ஆம்புளப் புள்ளயா இருந்தா?"

நியாயமான கேள்விதான். பிறக்காத அந்த ஆண்மகன் ஐம்பத்திரண்டு வயதுக்காரியான என்னைப் பார்த்து மயங்கிவிட்டால் யார் பதில் சொல்வது? சூப் மட்டும் உள்ளே வந்தது.

இந்த மதினியும் என் கணவரும் ஆறு வருஷமாகப் பேசவில்லை. காரணம் அவ்வளவு பெரியது. எங்கள் கலியாணங்களில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். மதினியின் மகளுடைய கலியாணத்தில், பெண்ணின் மாமா என்ற முறையில் என் கணவரை மாப்பிள்ளையின் தகப்பனோடு முதல் சஹனில் உட்கார வைத்திருந்தார்கள். கடைசி நிமிஷத்தில் யாரோ ஒரு பெரிய மனிதர் காரில் வந்து இறங்கிவிட்டார். மதினி ஓடிவந்து, "தம்பி, நீ கொஞ்சம் எழும்பு" என்று சொல்லி என் கணவரை மண்டபத்தின் கடைசிச் சஹனுக்கு அனுப்பினார். அங்கே ஐந்து சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கோழிக்கால் அவர்களுக்கு, எலும்பு இவருக்கு. அதையும் பொறுத்துக்கொண்டார். கடைசியில், தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் அந்தச் சஹனுக்கு வந்து சேரவில்லை, முடிந்துவிட்டதாம். என் கணவர் எழுந்தார், கை கழுவினார், மோட்டார் சைக்கிளை எடுத்தார், வந்துவிட்டார். இதற்காகவா ஆறு வருஷம் என்று கேட்பவர்களுக்கு என் கணவரையும் தெரியாது, வட்டிலப்பத்தையும் தெரியாது.

ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் மதினிக்கும் அதே வீட்டு இரத்தம்தானே. "மூத்தவ நான், நான் போய்க் கேக்கவா?" என்று இருந்துவிட்டார். என் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோதும் வரவில்லை. முந்தலுக்கும் பாலாவிக்கும் நடுவில் கடலா இருக்கிறது? பஸ் நிற்காமல் ஓடுகிற பாதை. வந்தது ஜனாஸாவுக்கு, அடக்கம் செய்த அன்றைக்குத்தான். வந்தவர் சும்மா வந்தாரா? மூன்று மாதம் பக்கத்தில் இருந்த நான் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க, மதினி போட்ட கூக்குரலில் தெருவே கூடிவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஆனால் மௌத்தாவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு பகல் வேளையில் என் கணவர் என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். "ராத்தா வந்தா சொல்லு. என்ட மனசில ஒண்டும் இல்ல. நான் எப்பவோ பொறுத்துட்டன். இது அமானிதம், விளங்குதா?"

விளங்கியது. அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். அது சொல்லாக இருந்தாலும் உரியவரிடம் சேர்க்க வேண்டும், சேர்க்காதவர் நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டும். நான் மறக்கவில்லை. சொல்லவும் இல்லை.

மதினி ஒவ்வொரு வியாழனும் கேட்டார். யாசீன் புத்தகத்தை மூடி முத்தமிட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்பார். "தம்பி கடைசியில என்னப் பத்தி ஏதும் சொன்னானா?"

"மருந்து மயக்கத்துல இருந்தார் மதினி. ஒண்டும் பேசல்ல."

முதல் வியாழன் அப்படிச் சொன்னது கோபத்தில். இரண்டாம் வியாழன், என் தேத்தண்ணீரில் சீனி கூட என்று சொன்னார், அதனால் சொல்லவில்லை. மூன்றாம் வியாழன் சூப் சம்பவம். நாலாம் வியாழன் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், அன்றைக்கு மழையால் பஸ்ஸில் நனைந்து வந்து எரிச்சலாக இருந்தார், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நல்ல காரியத்துக்கு நாள் பார்க்க வேண்டாமா!

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பூச்சி வந்தது. வந்தது என்றால் பறந்து வரவில்லை, போத்தலில் வந்தது. பார்க்கப் பச்சையாக ஏதாவது கொண்டுவந்து வை என்று மகளிடம் கேட்டிருந்தேன். மகள் பாலாவியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். முற்றத்து நந்தியாவட்டையில் இரண்டு கிளையை முறித்து ஒரு ஜாம் போத்தலில் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலை இலையாகப் பார்த்தேன். வேறு என்ன வேலை எனக்கு? ஒரு கொழுந்து இலையின் அடியில் சின்னப் பச்சை மணி ஒன்று ஒட்டியிருந்தது. கடுகை விடக் கொஞ்சம் பெரிது. அதே மாதிரி இன்னும் இரண்டு. நகத்தால் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

சில நாள் கழித்து மணிகள் மூன்றும் வெறும் தோலாகிவிட்டன. பக்கத்தில் மூன்று மஞ்சள் நூல் துண்டுகள் நெளிந்தன. ஒவ்வொன்றின் பின்புறமும் உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் ஒரு கறுப்பு வால் நட்டுக்கொண்டு நின்றது. மகள் பார்த்துவிட்டு, "சீ, எறிஞ்சிட்டு வாறன் உம்மா" என்றாள்.

"விடு. இத்தாவுல இரிக்கிறவட விருந்தாளி" என்றேன்.

உண்மை என்னவென்றால் என் கை சும்மா இருந்தது. மூன்று மாதம் கோப்பைக் கணக்கில் தண்ணீர் அளந்து கொடுத்த கை, மாத்திரை பிரித்த கை, புரட்டிப் படுக்க வைத்த கை. ஒரு நாளில் எல்லாம் நின்றுபோய்விட்டது. இரவு விழித்து மருந்து நேரம் என்று எழும்பி உட்காருவேன், பக்கத்தில் கட்டில் காலியாகக் கிடக்கும். அந்த நேரத்தில் எனக்கு ஒரு புழு போதுமாக இருந்தது.

மகள் போனில் படம் எடுத்துத் தேடிப் பார்த்துச் சொன்னாள். அலரி, நந்தியாவட்டை, பட்டிப்பூ என்று பால் வடிகிற நச்சுச் செடிகளையே தின்று வளர்கிற அந்துப்பூச்சியாம். பொழுது பட்டால்தான் பறக்குமாம். நஞ்சைத் தின்றும் ஒன்றும் ஆகாதாம். எங்கள் குடும்பத்துக்குப் பொருத்தமான பிராணிதான்.

அது தின்ற தின்னலைச் சொல்லி மாளாது. தின்னும், கழிக்கும், தோலைக் கழற்றிப் போடும், திரும்பத் தின்னும். மேசை விரிப்பில் மிளகைக் கொட்டினது மாதிரி எச்சம். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேரும் தின்றுவிட்டுத்தான் போனார்கள், ஆனால் இது என்னைப் பொறுமையாக இருக்கச் சொல்லவில்லை. மூன்றில் ஒன்று கறுத்துச் சுருங்கிச் செத்தது. ஒன்று கூட்டும்போது விளக்குமாற்றில் போய்விட்டது. மிஞ்சிய ஒன்று என் நடுவிரல் அளவுக்கு வளர்ந்தது. நல்ல பச்சை, பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு, கோட்டைச் சுற்றிலும் வெள்ளைப் புள்ளிகள். பழைய நீளக் கறுப்பு வால் போய், மஞ்சளாய்க் குட்டையாய் ஒரு கொம்பு. தலைக்குப் பின்னால் கறுப்பு வளையமிட்ட இரண்டு நீலக் கண்கள். கண் என்று சொன்னேன், அது கண்ணே இல்லை, சும்மா புள்ளிதான். தொட்டால் உண்மையான தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, அந்தப் பொய்க் கண்களை விரித்து முறைக்கும். மதினியும் சட்டம் போடும்போது இப்படித்தான் முறைப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது. கணவர் போன பிறகு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தேன்.

திடீரென்று ஒரு நாள் தின்பதை நிறுத்தியது. பச்சை மங்கி, முதுகெல்லாம் அழுக்குப் பழுப்பாகியது. கிளையை விட்டு இறங்கி மேசையெல்லாம் அலைந்தது. இதுவும் என் கையில் போகப்போகிறதா என்று அழுதேவிட்டேன். மகள் போனைப் பார்த்து, "உம்மா, அது கூட்டுப்புழுவாகப் போகுது, மண் தேடுது" என்றாள். பிஸ்கட் பேணியில் மணலும் சருகும் போட்டு வைத்தோம். அதற்குள் இறங்கி, இரண்டு சருகை நாலு நூலால் இழுத்துக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டது. இரண்டு நாளில் பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டை, பக்கத்தில் கறுப்புப் புள்ளிகள், நடுவே ஒரு கோடு. அசைவே இல்லை. வெளியே போகாமல், யாரையும் பார்க்காமல், ஓர் இடத்தில். அதுவும் இத்தா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குச் சட்டம் சொல்ல மதினி இல்லை, அதுதான் வித்தியாசம்.

பன்னிரண்டு பதின்மூன்று நாள் இருக்கும். ஒரு புதன்கிழமை மஃரிப் தொழுதுவிட்டுப் பார்த்தேன், பேணியில் கட்டை பிளந்து கிடந்தது. பூச்சி சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. சிறகு இரண்டும் நனைந்த துணித் துண்டு மாதிரி சுருங்கியிருந்தன. சிறகு விரியத் தலைகீழாகத் தொங்க ஒரு பிடிமானம் வேண்டுமே. ஆணியில் என் கணவருடைய சட்டை தொங்கியது, கொடுக்க மனமில்லாமல் நான் வைத்திருந்த ஒன்று. அதில் போய்த் தொற்றிக்கொண்டது. கண் முன்னால் சிறகு நீண்டு விரிந்தது. ஒரே பச்சை இல்லை. கடும்பச்சை, பாசிப்பச்சை, இடையில் இளஞ்சிவப்பு, குறுக்கே வெள்ளை வளைவுகள். என் உள்ளங்கையை மூடும் அகலம். அவ்வளவு அசிங்கமாகத் தின்ற ஒன்று இவ்வளவு அழகாக வரும் என்று யார் நினைப்பார்? யன்னலைத் திறந்து விட்டிருக்க வேண்டும். நுளம்பு வலை அடித்த யன்னல், கழற்ற ஆள் வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். நாளைக்கு என்பதுதான் எனக்கு வாய்த்த வியாதியாயிற்றே.

மறுநாள் வியாழன். மதினி வந்தார். மஃரிப் தொழுது யாசீனைக் கையில் எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டைப் பையின் மேல் பூச்சி. யாசீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அல்லாஹ்வே! வெள்ளி இரவு. தம்பிட ரூஹு வந்திரிக்கி."

வியாழன் பொழுது பட்டால் எங்களுக்கு வெள்ளி இரவு. மௌத்தானவர்களின் ரூஹு, அதாவது உயிர், அந்த இரவில் தன் வீட்டைப் பார்த்துப் போக வரும் என்று எங்கள் பக்கத்து மூத்தவர்கள் சொல்வார்கள். மார்க்கம் படித்த ஆலிம்கள் அப்படி ஒன்றும் இல்லை என்பார்கள். மதினி தனக்கு வசதியான இடத்தில் மட்டும் ஆலிம்களைக் கேட்பவர்.

"மதினி, அது..." என்று தொடங்கினேன்.

"சத்தம் போடாத!" என்றார். பிறகு சட்டைக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். மூட்டு வலிக்காரி, கதிரை இல்லாமல் தொழவே முடியாதவர், வெறும் நிலத்தில். "தம்பி, நான் செஞ்சது பிழை. ஊருக்கு முன்னால உன்ன எழுப்பி விட்டன். நீ படுத்திருக்கிற நேரம் வர வேணும் வர வேணும் எண்டு ரெண்டு தரம் பஸ்ஸுக்கு வந்து நிண்டன். என்ன மூஞ்சோட போற எண்டு திரும்பிட்டன். பொறுத்துக்கடா."

பூச்சியின் சிறகு படபடவென்று நடுங்கத் தொடங்கியது. பறப்பதற்கு முன்னால் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள அப்படி நடுங்கும், போனில் இருந்தது. மதினிக்கு அது தலையாட்டல். "பாரு புள்ள, ஓம் எண்டுறான்!" என்று விம்மி விம்மி அழுதார்.

பஸ்ஸுக்கு வந்து நின்றாராம். எனக்கு இது தெரியாது. அந்த நேரத்தில் வாயைத் திறந்து நாலு சொல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குள் வந்தது நிம்மதி. அட, பூச்சி என் வேலையை முடித்துவிட்டதே! சேர வேண்டிய சொல் சேர்ந்துவிட்டது, நான் பொய் சொன்னதும் வெளியே வராது. எவ்வளவு சௌகரியம்.

மதினி அன்று இரவு தங்கினார், மறுநாளும் போகவில்லை. முந்தலில் உள்ள சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போனது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த பிறகு என் குசினியில் தானே நின்று வட்டிலப்பம் அவித்தார். ஒரு சின்னத் தட்டில் வைத்து, சட்டைக்குக் கீழே வைத்தார். "அண்டைக்குக் குடுக்காம விட்டது" என்றார். பகலெல்லாம் பூச்சி அசையாமல் ஒட்டியிருந்தது. பொழுது பட்டதும் அறையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது, யன்னல் வலையில் மோதியது. வட்டிலப்பத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம் கோவம் இரிக்கி" என்றார் மதினி. சனிக்கிழமையும் தட்டைப் பார்த்து அதையே சொன்னார், எனக்கு அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு காலை மகள் அறையைக் கூட்ட வந்தாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தவள், "உம்மா, முட்ட!" என்றாள்.

சட்டைப் பையில், கொலரில், பொத்தானுக்குப் பக்கத்தில், பச்சைப் பச்சை மணிகள். இணை சேராத பெண் பூச்சி சில வேளை இப்படி வெறும் முட்டையை இட்டு வைக்குமாம், ஒன்றும் பொரிக்காதாம். அது பெண் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

மதினி கிட்ட வந்து பார்த்தார். விரலால் ஒரு மணியைத் தொட்டார். "இது என்ன?"

நான் கண்ணால் சாடை காட்டுவதற்குள் மகள் சொல்லிவிட்டாள். அவளுக்கு ரூஹு கதை தெரியாது. பாடசாலைப் பயிற்சி என்று வியாழன் பகலே வெளியூர் போனவள் சனி இரவுதான் திரும்பி வந்தாள். "பூச்சி முட்ட விட்டிரிக்கி மாமி. உம்மா போத்தல்ல புழுவுல இருந்து வளத்த பூச்சி. பேணி இந்தா இரிக்கி."

மதினி பேணியைப் பார்த்தார். வெடித்த கூட்டைப் பார்த்தார். நிலத்தில் இருந்த வட்டிலப்பத் தட்டைப் பார்த்தார். எனக்கு இந்த நிமிஷம் இனிக்கும் என்று நினைத்திருந்தேன். அல்லாஹ் சாட்சி, இனிக்கவில்லை. அறுபது தாண்டிய அந்த முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி சுருங்கிப்போனது. தட்டை எடுத்து முந்தானையால் மூடினார்.

"அப்ப அவன் ஒண்டும் சொல்லல்ல" என்றார்.

"சொன்னார் மதினி!" என்று கத்தியேவிட்டேன். "மௌத்தாக ரெண்டு நாளைக்கு முந்தி என்ட கையப் புடிச்சுச் சொன்னார். ராத்தா வந்தா சொல்லு, என்ட மனசில ஒண்டும் இல்ல, எப்பவோ பொறுத்துட்டன் எண்டு. அமானிதம் எண்டு சொல்லித் தந்தார்."

மதினி என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆறு வருஷத்தில் அப்படி ஒரு பாசமான சிரிப்பை நான் கண்டதில்லை. "என்னத் தேத்துறதுக்குச் சொல்லுற."

"வல்லாஹி மதினி!"

"சத்தியம் பண்ணாத புள்ள, இத்தாவுல இரிக்க. ஒவ்வொரு வியாழனும் நான் கேட்டன். மயக்கத்துல இருந்தான், ஒண்டும் பேசல்ல எண்டு நீதானே சொன்ன?"

"பொய் சொன்னன். உங்க மேல இருந்த கோவத்துல பொய் சொன்னன் மதினி."

என் கன்னத்தில் கை வைத்தார். "போ புள்ள. அமானிதத்த அமுக்கி வைக்கிற ஆளா நீ? என்ட தம்பிய மூணு மாசம் கைப்புள்ள மாதிரி பாத்தவ. உன்ன எனக்குத் தெரியாதா?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னால் ஓட நினைத்தேன், திரை வரைக்கும்தான் போக முடிந்தது.

இத்தா முடிந்து நான் முதலில் போனது முந்தலுக்குத்தான். அதன் பிறகும் மூன்று தரம் போய்விட்டேன். ஒவ்வொரு தரமும் உட்கார வைத்து, தேத்தண்ணீர் தந்து, நான் சொல்வதை முழுக்கக் கேட்பார். கேட்டுவிட்டு என் தலையைத் தடவி, "எனக்காக நீ எவ்வளவு பாடுபடுற" என்பார். இரவில் இன்னும் அழுகிறார் என்று அவருடைய மகள் சொன்னாள். தம்பி பொறுக்காமல் போய்விட்டான் என்றுதான் அழுகிறாராம். பகலில் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், என்னைப் போல ஒரு நல்ல மனுசியைத் தான் கண்டதே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.